அக்கா சொல்லியனுப்பிய பொய்

எங்கள் மச்சானுக்கு, அதாவது மாமியின் மகனுக்கு, எதையும் நேராகக் கேட்கத் தெரியாது. பட்டணத்துக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்த காலம் அது. மாமி வீட்டுக்கும் எங்களுக்கும் இடையில் ஒரு பனையோலை வேலிதான். அக்கா பெரியபிள்ளையான பிறகு இருவரும் முகம் பார்த்துக் கதைப்பதை எங்களைப் பெற்ற ஐயா விரும்பவில்லை. ஆகவே ஓலை விலகிய வேலிப் பொட்டுக்குள்ளால் புகுந்து செய்தி காவும் உத்தியோகம் எட்டு வயதுக்காரி எனக்குக் கிடைத்தது.

ஒருநாள் மச்சான் என்னை மறித்தார்.

“‘நான் இப்ப சொல்லுறது பொய்’ எண்டு ஒருத்தன் சொல்லுறான். அவன் சொன்னது மெய்யோ பொய்யோ? அக்காவிட்டைக் கேட்டுக்கொண்டு வா.”

அக்கா தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

“மெய்யெண்டால் அவன் சொன்னபடி அது பொய். பொய்யெண்டால் அவன் சொன்னது சரியாப்போச்சு, அப்ப மெய். உதுக்கு முடிவில்லை. அவருக்கு வேறை வேலை இல்லையோ எண்டு கேள்.”

மச்சான் சிரித்த சிரிப்பில் மாமி வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அன்றிலிருந்து எத்தனையோ பொய்யர்களும் மெய்யர்களும் என் வாயில் ஏறி வேலியைக் கடந்தார்கள். எனக்குப் பாதி விளங்காது. ஆனாலும் ஒரு சொல்லும் சிந்தாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவேன்.

பிறகு மலாயாவில் அவருக்குக் கிளாக்கர் வேலை சரிவந்தது. பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் அவர் கேட்டனுப்பியது புதிர் அல்ல.

“நான் போறதிலை அக்காவுக்குக் கவலையோ எண்டு கேள்.”

அக்கா அடுப்புக்குள் ஒரு விறகைத் தள்ளினாள்.

“கவலை ஒண்டும் இல்லையெண்டு சொல்லு.”

நான் வேலியடிக்குப் போகுமுன் திரும்பக் கூப்பிட்டாள்.

“நான் சொல்லியனுப்பிறது பொய்யெண்டும் சொல்லு.”

நல்லதொரு புதிர் கிடைத்த சந்தோசத்தில் ஓடிப்போய் இரண்டையும் ஒப்புவித்தேன். மச்சான் வேலிக் கதியால் தடியைப் பிடித்தபடி நின்றார்.

“விடை என்ன மச்சான்?”

“வந்து சொல்லுறன்,” என்றார்.

விடியற்காலை ரயிலில் போனார். பிறகு யப்பான்காரரோடு சண்டை வந்தது, கப்பல்கள் நின்றன. சண்டை முடிந்து மலாயாவிலிருந்து ஊரவர்கள் திரும்பத் தொடங்கியபோது, வந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் மாமி நடந்தார். மச்சானைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. அக்கா வேறு கலியாணத்துக்கு ஓமென்று சொல்ல எத்தனையோ வருடம் எடுத்தது.

எனக்கோ இன்றும் அந்தப் பின்னேரம்தான் கண்ணுக்குள் நிற்கிறது. வேலியைக் கடந்து திரும்பி வந்த என்னை அக்கா கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“சிரிச்சவரோ?”

“இல்லையக்கா. ஒரு சொட்டும் சிரிக்கேல்லை.”

புதிர் அவருக்குப் பிடிக்கவில்லையே என்று வருந்துவாள் என நினைத்தேன். அவள் முகம் மலர்ந்தது. என்னை இழுத்து முன்னால் இருத்தி, சிக்குப்பட்டுக் கிடந்த என் தலையைப் பின்னத் தொடங்கினாள். இழுத்து இழுத்துப் பின்னினாள், நொந்தது. அவர் சிரிக்காததில் உனக்கென்ன இவ்வளவு சந்தோசம் என்று கேட்கத் திரும்பினேன்.

“ஆடாதை,” என்று என் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிவிட்டாள்.