ஒரு மாதிரியா இருக்கு

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் ஆஸ்பத்திரி. நான் அங்கே பொது மருத்துவர். போதாததற்கு, டாக்டர்களுக்கும் நர்ஸ்களுக்கும் மாதாமாதம் வகுப்பு ஏற்பாடு செய்கிற வேலையும் என் தலையில்தான்.

வகுப்பு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஜி.எஸ்.டி. ரோட்டு ஹோட்டல் ஒன்றில் ஏசி அறை, யாரோ ஒரு பெரிய டாக்டரின் ஸ்லைடுகள், பிரியாணி. கையெழுத்துப் போட்டால் பாயின்ட். டாக்டர் பதிவைப் புதுப்பிக்க அந்தப் பாயின்ட் வேண்டும். ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பி வந்தால், திங்கட்கிழமை வார்டு சனிக்கிழமை இருந்தபடியே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடம், நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டுபிடிப்பது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதே நேரத்தில் எங்கள் வார்டில் முடிச்சூரைச் சேர்ந்த ஒரு பெண் செத்துக்கொண்டிருந்தாள்.

அவளை எனக்குத் தெரியும். பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்யலாமா என்று பரிசோதித்து அனுப்பியது நான்தான். தொண்டை கட்டியது போலக் கரகரத்த குரல். “வலிக்காதுன்னு சொல்றீங்களே மேடம், நீங்க பண்ணிக்கினீங்களா?” என்று கேட்டு என்னைச் சிரிக்க வைத்தாள்.

ஆபரேஷனுக்கு மறுநாள் காலையிலிருந்து, வந்தவர் போனவர் எல்லாரிடமும் அவள் ஒன்றையே சொல்லியிருக்கிறாள்: “ஒரு மாதிரியா இருக்கு.” காய்ச்சலா? இல்லை. வலியா? அவ்வளவாக இல்லை. அப்ப என்னம்மா பண்ணுது? “தெரியல சிஸ்டர். ஒரு மாதிரியா இருக்கு.” வயிற்றில் கேஸ் என்று ஊசி போட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. சாயங்காலம் பிரஷர் விழுந்த பிறகுதான் எல்லாரும் ஓடினார்கள். ஓடி என்ன பிரயோஜனம்?

நான் வந்து சேர்ந்தபோது அவள் கணவர் வராந்தாவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர். வீட்டில் அவர்களுக்கு ஒரு சின்னப் பெண். “காலையிலேர்ந்து சொல்லிக்கினே இருந்தா சார்! யாருன்னா காதுல வாங்குனீங்களா?”

எங்கள் தலைமை டாக்டர் அவர் தோளில் கைவைத்தார். “எது பண்ணியிருந்தாலும் யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாதுப்பா.”

அவர் சட்டென்று அடங்கிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். அது பொய் என்று எனக்குத் தெரியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாளே தலைமை டாக்டரின் அறைக்குப் போனேன். “அடுத்த மாசம் ஹோட்டல் வேணாம் சார். வார்டுலயே கிளாஸ் வெச்சுக்கலாம். அந்தப் பொண்ணு ஏன் போனாங்கிறதுதான் பாடம்.”

“ஒரு மாதிரின்னா அது என்ன வியாதிம்மா? தாம்பரத்துல பாதிப் பேருக்கு ஒரு மாதிரியாதான் இருக்கு.”

“இருக்கட்டும் சார். பல்ஸ தொட்டுப் பார்த்தா நம்ம கை தேஞ்சா போயிடும்?”

முறைத்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். அந்த வகுப்பில் நாங்கள் போட்ட விதி மிகச் சின்னது. யார் வாயிலிருந்து அந்தச் சொல் வந்தாலும் குறுக்கு விசாரணை கூடாது. உடனே பல்ஸ், பிரஷர், மூச்சு பார்க்க வேண்டும். டாக்டர் போனில் பதில் சொல்லாமல் கட்டிலருகே வர வேண்டும். அடுத்த வகுப்பு அதிலிருந்துதான் தொடங்கும்: போன மாதம் யார் சொன்னார்கள், யார் ஓடினார்கள், எந்த டாக்டர் வரவில்லை. எது தெரியாமல் தடுமாறினோமோ, அதுவே அந்த மாதப் பாடம்.

முதலில் ஒரே கூத்து. ஒருவருக்கு ஏசி குளிரில் ஒரு மாதிரி. இன்னொருவருக்கு மருமகள் எட்டிப் பார்க்காததில் ஒரு மாதிரி. “மேடம் மூஞ்சே இன்னிக்கு ஒரு மாதிரியா இருக்கு, பிபி பாருங்கடி” என்று நர்ஸ்கள் என்னையே ஓட்டினார்கள். ஆனாலும் ஓடினார்கள். அப்படி ஓடியதில் ஒரு மாரடைப்பு பிடிபட்டது. சர்க்கரை இறங்கி மயங்கவிருந்தவர் ஒருவர் பிழைத்தார். வகுப்பில் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை. ஒவ்வொருவர் பிழைக்கும்போதும் அந்தக் கரகரத்த குரல், “அப்ப நான் மேடம்?” என்று என் காதுக்குள் கேட்டது. வீட்டில் என் பையன், “அந்தக் கணக்கு சார் ஒரு மாதிரிம்மா” என்று சொன்னால்கூட என் கை அவன் மணிக்கட்டுக்குப் போகும்.

அடுத்த மழைக்காலத்தில் அந்த வேன்காரர் மறுபடி வந்தார். டெங்குவில் துவண்டுபோன மச்சினியைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். செத்துப்போனவளின் தங்கை. “முடிச்சூர் ரோடெல்லாம் தண்ணி மேடம். வேற எங்க போறது?” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

காய்ச்சல் இறங்கிய நாள் மத்தியானம்; டெங்குவில் அப்போதுதான் ஆபத்து. நான் பக்கத்துக் கட்டிலில் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் கேட்டது. “மாமா, ஒரு மாதிரியா இருக்கு.”

ஐயோ, அதே குரல். அக்காவின் குரல் அப்படியே தங்கைக்கும் இருந்தது. எனக்குத் திரும்பவே பயமாக இருந்தது. நான் திரும்புவதற்குள் நர்ஸ் ஓடிவந்து அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். கை சில்லிட்டிருந்தது, பல்ஸ் பறந்தது. உடனே சலைன் ஏற்றி ஐசியுவுக்குக் கொண்டுபோனோம். பிழைத்துக்கொண்டாள். வார்டுக்குத் திரும்பியதும் இட்லி வேண்டாம், பரோட்டாதான் வேண்டும் என்று சண்டை போட்டாள்.

வேன்காரர் வராந்தாவில் என்னை நிறுத்தினார். “அந்த சிஸ்டர் இன்னா ஓட்டம் ஓடுனாங்க மேடம்! எப்பலேர்ந்து இப்டி?”

“உங்க வைஃப் போனதுக்கப்புறம்.”

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. அவர் முகத்திலிருந்த சந்தோஷம் மெல்ல வடிந்தது. “அப்ப, பெரிய சார் சொன்னது? எது பண்ணியிருந்தாலும்னாரே?”

வேறு நோய், வேறு உடம்பு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அதில் பொய்யும் இல்லை. எனக்கு வாய் வரவில்லை. “காலையிலயே பார்த்திருந்தா பொழைச்சிருக்கலாம்,” என்றேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் தேவலாம். கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். “அம்மாவ யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாதுன்னுதான் பாப்பாகிட்ட சொல்லி வெச்சிகீறேன் மேடம். இனிமே இன்னான்னு சொல்றது?”

அவர் உள்ளே போனார். நான் கதவருகிலேயே நின்றேன்.

“இப்ப எப்டிம்மா கீது?” என்று அவர் கேட்பது கேட்டது.

“நல்லாகீது மாமா,” என்றது அக்காவின் அதே கரகரத்த குரல். “பாப்பாவப் பாக்கணும் போல கீது. இட்டுகினு வாங்க.”

அவர் அழுதது அப்போதுதான்.