டிரம் உருளும் திடல்

எங்கள் கம்பெனி ஷெட்டில் யாரோ காலி டிரம்மை உருட்டுகிறார்கள். ஷிஃப்ட் முடியும்வரை வெளியே போக முடியாது. ஆனால் அந்தச் சத்தத்தில், இதே இடத்தில் இருந்த பிள்ளைப்பாக்கத்துத் திடலில் நிற்கிறேன்.

அப்பா கபடிக்காக மண்ணைக் கொத்திப் பொலபொலவென்று வைப்பார். அண்ணன் கிரிக்கெட்டுக்காக அதே மண்ணை நனைத்து, டிரம் உருட்டி இறுக்குவான்.

"கட்டையால தட்றதெல்லாம் ஒரு ஆட்டமாடா?" என்பார் அப்பா.

"நீ மண்ணுலயே பொரண்டுகினு கெட, நைனா!"

நடுவில் நான். மேட்ச் நாளன்று விடிகாலையில் அப்பா மண்வெட்டி கேட்டார். மறுக்க முடியாமல் எடுத்துக் கொடுத்தேன். பிட்ச் முழுக்கக் கொத்திப் போட்டார். அதைப் பார்த்த அண்ணன் துணிப்பையோடு வீட்டைவிட்டே கிளம்பிவிட்டான். "நானும் வரேண்ணா" என்று பஸ் வரை அழுதுகொண்டே ஓடினேன். படியில் நின்றபடி சொன்னான்:

"மம்டிய எட்து குட்த்தது நீதான்னு தெரியும். போ பாப்பா, நைனா தேடும்."