ஏ விலகிய பிறகு

கூடலூரில் ஒரு உரக்கடை மாடியில், ஞாயிறுதோறும் குரூப் ஃபோர் பரீட்சைக்குக் கணக்கு வகுப்பு எடுக்கிறேன். பெயர் இவாஞ்சலின், சொந்த ஊர் இராயப்பன்பட்டி. அதே பரீட்சையை மூன்று தடவை எழுதித் தோற்றவள். தோற்றவர்கள்தான் எங்கள் பக்கம் வகுப்பு நடத்துகிறோம், இதில் எனக்கு வெட்கமெல்லாம் கிடையாது. ஆனால் என் கோபத்துக்கு மட்டும் கொஞ்சம் வெட்கப்படுகிறேன், அதிலும் பவுனு அக்கா விஷயத்தில்.

அக்காவுக்கு வயது முப்பத்தேழு. என்னை விடப் பத்து வயது மூத்தவர், ஆனாலும் என்னை ‘மிஸ்ஸு’ என்றுதான் கூப்பிடுவார். லோயர் கேம்ப் போகிற வழியில் திராட்சைத் தோட்டங்களில் கவாத்து வெட்டுகிற வேலை, காய்ப்பு முடிந்த கொடிகளைக் கழித்துவிடுவது. பன்னிரண்டாவது வரை படித்தவர். தோட்டத்து மருந்துப் புகை நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இன்னும் இரண்டு வருஷம் பந்தலுக்குக் கீழே நின்றால் அப்புறம் தன்னிடம் வரவேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். அரசாங்க வேலை கிடைத்தால் உட்கார்ந்து பிழைக்கலாம். போன வருஷம் ஒரே ஒரு கேள்வியில் போயிற்று.

அது எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும். ‘காலமும் வேலையும்’ பாடத்தில் வழக்கமாக வருகிற ஒன்று. ஏ, பி இருவரும் சேர்ந்து ஒரு வேலையை ஆறு நாளில் முடிப்பர். பி மட்டும் செய்தால் பன்னிரண்டு நாள். சேர்ந்து தொடங்கிய இரண்டு நாளில் ஏ விலகிவிட்டார். மீதியை பி எத்தனை நாளில் முடிப்பார்?

மொத்த வேலையைப் பன்னிரண்டு பங்கு என்று வைத்துக்கொண்டால் போதும். இருவருமாக ஒரு நாளைக்கு இரண்டு பங்கு, பி தனியாக ஒரு பங்கு. முதல் இரண்டு நாளில் நாலு பங்கு போக, மீதி எட்டு. ஆகவே எட்டு நாள். தொட்டியில் தண்ணீர் நிரப்புகிற கணக்கை எனக்கு முன்னால் போட்டு முடிக்கிற அக்கா, இதற்கு மட்டும் ஒவ்வொரு முறையும் நாலு என்று எழுதினார். எண்களை மாற்றிக் கொடுத்தாலும் அதே தப்புதான். விலகிப்போன ஏ கடைசி வரைக்கும் கூடவே நின்று வேலை பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு ஞாயிறு எனக்குப் பொறுமை போய்விட்டது. “அதான் ஏ போயிட்டாருன்னு போட்டிருக்குல்ல? பெறகு எதுக்குக்கா அவர இழுத்து இழுத்து உள்ள விடுற?”

அக்கா பேனாவைக் கீழே வைத்தார். “எனக்கு நாலு நாள்தான் ஆச்சு மிஸ்ஸு.”

எங்கள் பக்கம் கவாத்துக்கு ஆள் பேசும்போது ஜோடிக் கணக்கில்தான் பேசுவார்கள். கொடி வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், எதிரும் புதிருமாக வெட்டிக்கொண்டே போக வேண்டும். அக்காவுக்கு ஜோடி அவர் புருஷன் பிச்சைமணி. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஆறு நாள் வேலை ஒன்றில், இரண்டாம் நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பந்தலுக்குக் கீழேயே சாய்ந்துவிட்டார்.

“பதினாறு கழிஞ்சு மிச்சத்த முடிக்க நான் ஒத்தையிலதான் போனேன். நான் இங்கிட்டு வெட்டிட்டு நிமுந்து பாத்தா, அங்கிட்டும் வெட்டியிருக்கும். வெட்டுவாயில தண்ணி சொட்டிக்கிட்டு இருக்கும் மிஸ்ஸு. அப்பத்தான் வெட்டுனாப்புல.”

“யாரையாச்சும் பாத்தியாக்கா?”

“பாக்க மாட்டேன். பாத்தா அவுக போயிருவாக.”

பட்டப்பகல், கீழே ஜீப்காரர்கள் குமுளிக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், இருந்தும் பயந்தேன். மறுநாள் அந்தத் தோட்டக்காரர் தங்கப்பாண்டியனைப் பார்த்து விசாரித்தேன். “அந்தப் பிள்ள ஒத்தையிலயே ஜோடி வேல பாக்கும். எப்பிடின்னு நான் கேட்டுக்கிறதில்ல,” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

நான் அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அக்காவின் மூச்சு என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. பரீட்சைக்கு முந்தின வாரம் அவரைத் தனியாக உட்காரவைத்து, மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொன்னேன்: “பிச்சைமணி அண்ணன் செத்துட்டாகக்கா. செத்தவுக வேல பாக்க மாட்டாக. பரீட்சையிலயாச்சும் அவுகளச் சேக்காத.”

அக்கா அழவில்லை. கணக்கைத் திரும்பப் போட்டார். எட்டு வந்தது. அன்றைக்கே அதே மாதிரிப் பத்துக் கணக்கு கொடுத்தேன், பத்தும் சரியாக இருந்தன. ஜெயித்துவிட்டதாக நினைத்து அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

பரீட்சை முடிந்து மூன்றாவது ஞாயிறுதான் படியேறி வந்தார். முன்னை விட அதிகமாக மூச்சு வாங்கியது.

“அந்தக் கணக்கு வந்துச்சு மிஸ்ஸு. நாலும் இருந்துச்சு, எட்டும் இருந்துச்சு. எட்டத்தான் கறுப்பாக்குனேன்.”

“அப்ப வேல கெடச்சுரும்க்கா!” என்று கத்தினேன். அவர் முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை.

“ரிசல்ட்டு வர்ற வரைக்கும் சாப்பிடணும்ல. திங்கக்கெழமையில இருந்து கவாத்துக்குப் போறேன். ஆறு நாளாச்சு, பாதிதான் முடிஞ்சிருக்கு. எதிர்ப்பக்கம் அப்பிடியே கெடக்கு மிஸ்ஸு. ஒரு கொடியக்கூடத் தொடல.”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பயத்த விட்டு, நேத்து நிமுந்தும் பாத்துட்டேன். அங்கன யாருமே இல்ல.”