சீராகக் கொடுத்த பிராசசர்

என் அக்கா வீட்டுக்காரருக்கு, அதாவது என் மாமாவுக்கு, விமானத்தின் சத்தத்தை வைத்தே அதன் உடம்பு எப்படி இருக்கிறதென்று சொல்லத் தெரியும். விமானப்படையில் இருபது வருடத்துக்கு மேல் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகு சூலூரில் குளத்துக்குப் பக்கமாக வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சாப்பிடும்போது தலைக்கு மேல் ஏதாவது போனால் சோற்றில் வைத்த கை நின்றுவிடும். "இன்னிக்கு இவனுக்குச் சளி புடிச்சிருக்குது" என்பார். அப்புறம்தான் ரசத்தை ஊற்றச் சொல்லுவார்.

ஒருமுறை கேட்டேன். "எத்தனை தாட்டி நீங்களே ஓட்டிப் பாத்திருப்பீங்க மாமா?"

"ஓட்டறதா? நாம பொண்ணு ஊட்டுக்காரங்க மாப்ளே. சோடிச்சு, நகை பூட்டி, ஏத்தி உடறதோட நம்ம சோலி முடிஞ்சுது. கூட்டிக்கிட்டுப் போறவன் வேற ஆளு."

அக்கா அடுப்படியிலிருந்து, "பொண்ணு ஊட்டுக்காரரு சக்கரை மாத்திரை போடற நேரமாச்சுங்கோ" என்று குரல் கொடுத்தாள்.

நான் அப்போது, தொண்ணூறுகளில், காந்திபுரத்தில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை வைத்திருந்தேன். எந்த வகுப்பிலும் போய்ப் படிக்கவில்லை. ஒரு மில் ஆபீசில் குப்பைக்குப் போன பெட்டியைப் பிரித்துப்போட்டு, திரும்பப் பூட்டி, மூன்று திருகு மிச்சம் வந்து, அப்படிக் கற்றுக்கொண்டதுதான். பாதி வியாபாரம் பேச்சில் ஓடியது. கடைக்கு வருகிறவர் ஒவ்வொருவரும் ஒரு சொலவடையைப் போட்டுவிட்டுப் போவார். நான் அதை எடுத்து வைத்திருந்து அடுத்த ஆளிடம் விற்றுவிடுவேன்.

மாமாவுக்கும் ஒரு பெட்டி பூட்டிக் கொடுத்திருந்தேன். அதில் விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றை ஏற்றி, மேசையில் ஒரு ஜாய்ஸ்டிக்கையும் பொருத்தினேன். பொழுதுபோக்குக்கு என்று நினைத்துத்தான் கொடுத்தேன். அவர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காலையில் குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வந்துதான் உட்காருவார். அமெரிக்காவில் எங்கோ ஏரிக்கரை ஓரமாக ஒரு சின்ன ஓடுதளம் அதில் வரும். "நம்ம குளத்துக்கரையாட்டவே இருக்குது மாப்ளே" என்று அதையே பிடித்துக்கொண்டார்.

ஏறுவதில் சிக்கல் இல்லை. மேலே போனால் வானம் மட்டும்தானே, படம் ஒழுங்காக ஓடும். இறங்க வரும்போதுதான் தகராறு. ஏரிக்கரைக் கட்டடங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வர வர, அவர் பெட்டிக்கு மூளையாக இருந்த எழுபத்தைந்து மெகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு மூச்சு வாங்கும். ஒரு படம் நிற்கும், அடுத்த படம் வருவதற்குள் விமானம் தண்ணீரில் கிடக்கும். எஞ்சின் சத்தமும் விக்கி விக்கி அறுந்து வரும். எஞ்சினோடு வாழ்ந்த மனுசனுக்கு அதுதான் பெரிய வேதனை.

அந்த வருடம் சர்க்கரை அவர் கண்ணுக்கு வந்துவிட்டது. வலது கண்ணில் ரத்தம் கசிந்து பார்வை போயிருந்தது. இடது கண்ணுக்கு லேசர் வைத்த டாக்டர், "இருக்கறதைக் காப்பாத்தப் பாக்கறோம், எத்தனை நாளைக்குன்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது, பஸ்சில் என் தோளைப் பிடித்துக்கொண்டு மாமா சொன்னார்:

"மாப்ளே, உன்ர பொட்டிக்கு வேற பிராசசர் போடலாம்னியே. போட்டுக் குடு. இருக்கற வெளிச்சத்துல ஒருக்கா எறக்கிப் பாத்துப்போடோணும். அதுக்கப்பறம் போனாப் போவுது."

"அடுத்த வாரமே போட்டறலாமுங்க மாமா."

"எதைப் போடறதுன்னு பாத்துப் போடு. எஞ்சின் மேல ஒட்டியிருக்கற தகட்டுல என்ன எழுதியிருக்குதுன்னு பாக்காதே. எந்த வேலைக்கு வாங்கறயோ அந்த வேலையக் குடுத்துப் பாரு."

சரி சரி என்று தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

கடையில் இரண்டு பிராசசர் கைவசம் இருந்தது. ஒன்று பழையதைச் செய்த அதே கம்பெனியுடையது, நூற்று முப்பத்து மூன்று மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று வேறொரு கம்பெனிக்காரன் போட்டது. பெயரிலேயே நூற்று அறுபத்தாறு. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்தேன். எதை வைத்து? அந்த வாரம் ஒரு மில்லுக்காகச் செய்துகொண்டிருந்த சம்பளக் கணக்கை ஓட்டி. நூற்று அறுபத்தாறு சடசடவென்று முடித்துவிட்டு நின்றது. இதைவிட என்ன வேண்டும்? மாமாவுக்குச் செய்வதில் சின்னதையா செய்வது என்று பெரிய எண்ணையே எடுத்து வைத்தேன்.

சூலூருக்குப் போய்ப் பூட்டி, வேகத்தைக் குறிக்கிற ஜம்பர் செருகியை மாற்றி, திரையில் புது எண்ணைக் காட்டினேன். மாமா அருகே குனிந்து, நல்ல கண்ணைத் திரையில் ஒட்டுவதுபோல வைத்துப் படித்தார். சட்டைப் பையில் கை போயிற்று.

"எவ்வளவாச்சு மாப்ளே?"

அங்கேதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். "என்னுங்க மாமா, உங்ககிட்டக் காசு வாங்கறதா? இது பொறந்த ஊட்டுச் சீருங்க. அக்காளுக்குக் குடுத்த சீரு."

அக்காவின் முகம் மலர்ந்தது. மாமா பையிலிருந்து கையை எடுத்து, இரண்டு கையையும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டார். எங்கள் பக்கத்தில் சீர் என்று வந்துவிட்டால் அது சேலையோ செம்போ, ஓட்டையோ உடைசலோ, கண்ணில் ஒற்றித்தான் வாங்குவார்கள். நான் பெருமையில் மிதந்தேன். விளையாட்டை ஓட்டிக் காட்டலாம் என்று உட்காரும்போது கரண்ட் போய்விட்டது. காரமடையில் எனக்கு வேலை இருந்தது. "கரண்டு வந்தா ஓட்டிப் பாருங்க மாமா, வாரேனுங்க" என்று பஸ் ஏறிவிட்டேன்.

அப்புறம் போனில் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்.

"எப்படி ஓடுதுங்க மாமா?"

"பறக்குது மாப்ளே."

"எறக்கிட்டீங்களா?"

"அதெல்லாம் ஆச்சு, ஆச்சு. நீ சாப்டியா?"

நேரில் போனபோதும் அப்படித்தான். பெட்டியின் மேல் அக்கா பூப்போட்ட துணி போர்த்தியிருப்பாள். துணியை எடுக்கப் போனால் மாமா காப்பியை நீட்டுவார். எனக்கு அது உறைக்கவே இல்லை. நல்லபடி ஓடுகிறது, அதனால்தான் பத்திரமாக மூடி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். வாய்க்கு வாய் 'ங்க' போட்டுப் பேசுகிற ஊரில் ஒரு மனுசர் 'நல்லா இருக்குதுங்க' என்றால் அதில் சொல்லாமல் விட்டது எத்தனை இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

மூன்று மாதம் போயிருக்கும். எனக்கு வாடிக்கையான பல் டாக்டர் ஒருவர் தன் பெட்டியைக் காரில் வைத்துக் கொண்டுவந்தார். அவருக்கும் அதே நூற்று அறுபத்தாறைத்தான் பூட்டியிருந்தேன். அவர் எனக்கு உறவுமில்லை, காசு கொடுத்து வாங்கியவர்.

"ஏனுங்க, என்னத்தைப் பூட்டிக் குடுத்தீங்க? பில்லு போட்டாப் பறக்குது. ஏரோப்ளேன் ஓட்டுனா, ஊசியப் பாத்த என்ர பேசண்டாட்ட நின்னுபோவுது!"

சிரித்துக்கொண்டே இரண்டு பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் நூற்று அறுபத்தாறு, ஒன்றில் நூற்று முப்பத்து மூன்று. இரண்டிலும் மாமாவின் அதே ஏரிக்கரை. சிறிய எண் வழுக்கிக்கொண்டு வந்து கரையைத் தொட்டது. பெரிய எண் கட்டடங்களுக்கு முன்னால் விக்கி விக்கி நின்றது. என் சிரிப்பும் நின்றது.

அன்று ராத்திரி பத்திரிகைகளைப் புரட்டித்தான் விசயம் புரிந்தது. கம்ப்யூட்டருக்குக் கணக்கு இரண்டு விதம். சம்பளம், பில், வட்டி எல்லாம் பெரும்பாலும் முழு எண் கணக்கு. விமானம் சாய்வது, தரை நெருங்குவது, கட்டடம் பெரிதாகிக்கொண்டே வருவது, இதெல்லாம் தசமப் புள்ளி வைத்த கணக்கு. நான் எடுத்தது முதல் கணக்கில் சூரன், இரண்டாவதில் தடுமாறுகிறவன். மேலே எழுதியிருந்த எண்ணும் அதன் உண்மையான வேகமல்ல, இன்ன வேகத்துக்குச் சமம் என்று அவர்களே வைத்துக்கொண்ட பெயர். தகட்டைப் பார்க்காதே என்று மாமா சொன்னதைத்தான் நான் முழுசாகச் செய்திருந்தேன், தலைகீழாக.

மறுநாள் காலையில், கடையில் அப்போது கிடைத்ததிலேயே நல்ல பிராசசரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சூலூர் பஸ் ஏறினேன். இந்த முறை விமானத்தை ஓட்டிப் பார்த்துத்தான் எடுத்தேன்.

அக்காதான் கதவைத் திறந்தாள். மாமா உள்ளே படுத்திருந்தார்.

"கொஞ்சம் மெல்லப் பேசு கண்ணு. முந்தாநாள் அந்தக் கண்ணுலயும் ரத்தம் கசிஞ்சுபோச்சு. டாக்டரு பாத்துட்டு ஒண்ணும் சொல்லுல. வெளிச்சம் இருக்குதா இல்லையான்னு மட்டும் தெரியுதாமா."

நான் நின்றபடியே கேட்டேன். "அக்கா, மாமா ஒருக்காளாச்சும் எறக்கினாரா?"

அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"இல்லடா. தெனமும் உக்காருவாங்க. கரைக்கு வந்ததும் நின்னுபோயிரும். முன்னயவிடக் கொஞ்சந்தான் பரவால்லன்னாங்க. நாந்தான் சொன்னேன், தம்பிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு. கம்முனு இரு அம்மணி, சீருன்னு குடுத்ததைப் போயி நொட்டை சொல்றதான்னுட்டாங்க."

"சொல்லியிருந்தா அடுத்த நாளே மாத்தியிருப்பேனே அக்கா."

"தானம் குடுத்த மாட்டையே பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்க. நீ சீரில்ல குடுத்துப்போட்டே? காசு வாங்கியிருந்தீன்னா கடைக்கு வந்து உன்ர சட்டையப் புடிச்சிருப்பாங்க."

அவள் குத்திக்காட்டவில்லை. அப்படியே நடந்ததைச் சொன்னாள். அதுதான் இன்றுவரை குத்துகிறது.

பேக்கப் எடுக்காமல் டிஸ்க்கைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களிடம், "கண் கெட்ட பின்னால சூரிய நமஸ்காரமுங்களா?" என்று நான் எத்தனை முறை சிரித்திருப்பேன். அன்றோடு அந்தச் சொலவடை என் வாயை விட்டுப் போனது.

உள்ளேயிருந்து மாமா கூப்பிட்டார். "மாப்ள வந்தாப்பலயா? பையில என்னமோ கொண்டாந்திருக்குற. குரல்லயே தெரியுது."

"ஒண்ணுமில்லீங்க மாமா. பிராசசர் ஒண்ணு. சும்மா."

"கொண்டாந்ததப் பூட்டு. நான் கேட்டுக்கறேன்."

பூப்போட்ட துணியை எடுத்தேன். பழையதைக் கழற்றிப் புதியதை உட்கார வைக்கும்போது அதன் மேல் இருக்கும் சின்ன விசிறியின் திருகு இரண்டு முறை கீழே விழுந்தது. மாமா சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, ஜாய்ஸ்டிக்கைத் தானே தேடிப் பிடித்தார். சட்டை மாற்றியிருந்தார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து உயரமும் வேகமும் சொல்லச் சொல்ல, ஏற்றினார். ஏரிக்கு மேலே போய்த் திரும்பினோம். கரை நெருங்கியது. கட்டடங்கள் ஒவ்வொன்றாக எழுந்து, பெரிதாகி, பக்கவாட்டில் விலகிப் போயின. எங்கும் ஒரு விக்கல் இல்லை. தண்ணீரின் மேல் வெயில் பட்டு ஓடியது. அவர் மூன்று மாதமாகக் காத்திருந்த படம். அதைப் பார்க்க அந்த அறையில் நான் மட்டும் இருந்தேன்.

"எப்படி இருக்குது மாப்ளே?"

இழந்தது பெரிதாகத் தெரிய வேண்டாம் என்று, என் வாயில் வந்தது இதுதான். "பெருசா ஒண்ணுமில்லீங்க மாமா. முன்னயாட்டமேதான் நின்னு நின்னு வருது. இதுக்குப் போயி..."

அவர் தலையைச் சாய்த்துக் கேட்டார், சோற்றில் கையை நிறுத்துவாரே அதேபோல. அப்புறம் ஜாய்ஸ்டிக்கை விட்டுவிட்டு என் முழங்கையைத் தேடிப் பிடித்தார்.

"சத்தம் எங்கியும் அறுபடலியே மாப்ளே."

நான் அவர் கையின் மேல் என் கையை வைத்தேன்.

"அம்மணி," என்று அக்காவை அழைத்தார். "உன்ர பொறந்த ஊட்டுச் சீரு இப்பத்தான் வந்து சேந்துது. வந்து பாரு. நல்லா இருக்குதாமா."

அக்கா ஈரக் கையோடு வந்து எங்கள் பின்னால் நின்றாள். திரையில், யார் கையும் படாத விமானம் ஓடுதளத்துக்கு மேலே நேராகப் போய்க்கொண்டிருந்தது. மாமா அது போகிற பக்கம் காதைத் திருப்பினார்.