நான் டாக்டராக்கிய வெளிநாட்டுப் பிள்ளைகள்

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்த குணம். மருந்துக் கடையில் மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் நகரமாட்டேன். தேங்காயைத் தட்டி, காதருகே ஆட்டி, கடைக்காரர் முகத்தையும் ஒருமுறை பார்த்த பிறகுதான் பையில் போடுவேன். நான் போலீஸில் சேர்ந்திருக்க வேண்டியவள், தப்பித் தவறி வாத்தியார் வேலைக்கு வந்துவிட்டேன் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆலங்குடியில் ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறேன். இருபது வருஷம் பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நின்றதில், குனிந்த தலையைப் பார்த்தாலே பிட்டு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிற கண் வந்துவிட்டது.

அந்தக் கண்ணோடுதான் ஒரு மே மாத விடுமுறையில் மணமேல்குடிக்குப் போனேன். தங்கையை அங்கே கட்டிக் கொடுத்திருக்கிறது. நான் போன மறுநாளே அவள் வீட்டுக்காரர் ஒரு சேதி கொண்டுவந்தார். வெளிநாட்டிலிருந்து டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகள் நாலு பேர் வந்திருக்கிறார்கள், கடற்கரை கிராமங்களுக்கு மூன்று வாரம் இலவச மருத்துவ முகாம் நடத்துகிறார்கள், அவர்கள் பேச்சைத் தமிழிலும் நம் ஜனங்கள் பேச்சை ஆங்கிலத்திலும் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்று. எனக்கு உடனே மூக்கில் வேர்த்தது. அவர்கள் ஊரில் இல்லாத இருமலா? விமானம் ஏறி வந்து கட்டுமாவடிக்காரர் முதுகுவலியைக் கேட்க என்ன தலையெழுத்து? ஏதோ இருக்கிறது, பக்கத்தில் இருந்து பார்த்தே தீருவது என்றுதான் ஒப்புக்கொண்டேன். சேவை மனப்பான்மை என்றெல்லாம் பூசி மெழுக விரும்பவில்லை.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. பந்தி மேஜைகளில் துணி விரித்து நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். ஓய்வு பெற்ற டாக்டர் ஒருவர் காலையில் வந்து எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் கிளம்பிவிடுவார். மற்றபடி எல்லாம் ஒருங்கிணைப்பாளர் கையில். திருச்சிக்காரர். கசங்காத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, யாரைப் பார்த்தாலும் ஒரே சிரிப்பு.

முதல் நாளே அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். இந்தப் பிள்ளைகளை மாணவர்கள் என்று சொல்ல வேண்டாமாம், டாக்டர் என்றே சொல்ல வேண்டுமாம். மாணவர்கள் என்று தெரிந்தால் ஜனங்கள் வரமாட்டார்கள் என்றார். நான் புருவத்தைத் தூக்கினேன். அவர் சிரித்தார்.

"நம்ம ஊர்ல சீட்டு கெடைச்ச அன்னைக்கே டாக்டர்னு ஃபிளெக்ஸ் வைக்கிறோமா இல்லையா மேடம்?"

உண்மைதான். என்னிடம் படித்த பெண்ணுக்கு மருத்துவச் சீட்டு கிடைத்தபோது, அவள் கல்லூரி வாசலை மிதிப்பதற்கு முன்பே ஆலங்குடி கடைத்தெருவில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிய படத்தோடு இருபதடி பேனர் நின்றது. அதன் கீழே நின்று நானும் போட்டோ எடுத்துக்கொண்டேன். அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. இத்தனை சந்தேகம் பிடித்தவளுக்கு அந்த இடத்தில் மட்டும் ஏன் வரவில்லை என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். என் சந்தேகமெல்லாம் வெள்ளைத் தோல் மேல் இருந்தது. நம் பேச்சுப் பேசுகிற மனிதர் மேல் அது திரும்பவே இல்லை.

ஆக, அன்று முதல் "டாக்டர் கேக்குறாங்க, எத்தனை நாளா வலி?" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அந்த நால்வரில் இரண்டு பேர் மேல்தான் எனக்குக் கண். ஒருவன் நெட்டையன், காயம் என்றால் முதல் ஆளாகக் கையுறை மாட்டிக்கொண்டு வருவான். இன்னொருத்தி செம்பட்டை முடிக்காரி. அதிகம் பேசமாட்டாள். எல்லோருக்கும் ஒரு சின்ன நோட்டு உண்டு. ஒவ்வொரு நோயாளி போனதும் அதில் ஏதோ குறிப்பார்கள். அவர்கள் டீ குடிக்கப் போன நேரம் நெட்டையன் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். நாகரிகம் இல்லைதான், ஆனால் பார்த்தேன். தையல், ஊசி, கட்டி கீறுவது என்று வரிசையாக எழுதி, பக்கத்தில் பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று மூன்று கட்டம். தையலுக்கு நேரே தானே செய்தது என்ற கட்டத்தில் ஆறு டிக். அடப் பாவிகளா, நம் ஆட்கள் தோலில் கை பழகுகிறார்களா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த ஆறு பேரிடமும் "டாக்டர் தைக்கிறாங்க, பயப்படாதீங்க" என்று சொன்னது நான்தான். அது அப்போது நினைவுக்கு வரவில்லை.

கோபத்தில் மருந்துப் பெட்டிகளைத் திருப்பித் தேதி பார்த்தேன். ஒன்றாவது காலாவதி ஆகியிருக்காதா என்று. எல்லாம் சரியாக இருந்தது. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

இதற்கிடையில் அந்தச் செம்பட்டை முடிக்காரி என்னைக் கவனிக்கத் தொடங்கியிருந்தாள். ஓர் அம்மா இரண்டு நிமிஷம் தன் மூட்டு வலியோடு மருமகளையும் சேர்த்துப் புலம்பினால், நான் ஆங்கிலத்தில் மூட்டு வலி என்று முடித்துவிடுவேன். அவ்வளவுதானா சொன்னார் என்று கேட்பாள். அவ்வளவுதான் என்பேன். என்னையா சந்தேகப்படுகிறாய் என்று உள்ளுக்குள் கறுவிக்கொள்வேன். இரண்டாவது வாரம் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டாள், தன்னைக் காட்டி நான் ஏன் டாக்டர் என்கிறேன் என்று. தமிழில் எது புரியாவிட்டாலும் அந்த ஒரு சொல் அவளுக்குப் புரியுமே! அது எங்கள் ஊர் மரியாதை என்று சமாளித்தேன். அவள் நோட்டில் எதையோ எழுதினாள். என்னத்தை எழுதினாளோ என்று அன்று முழுக்க எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம், ஒரு வியாழக்கிழமை. கையெழுத்துப் போடுகிற பெரிய டாக்டர் உறவுக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தார், வரமாட்டார். பத்து மணி வாக்கில் கட்டுமாவடியிலிருந்து ஒரு பெண்ணை அவள் நாத்தனார் ஆட்டோவில் கூட்டி வந்தாள். மீன் வெட்டிக் கொடுக்கிற பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். பாறை மீனை அரிவாள்மனையில் வைத்து அழுத்தும்போது வழுக்கி, இடது கை ஆட்காட்டி விரலில் உள்பக்கமாக வெட்டு இறங்கிவிட்டது. ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்தாள். முகத்தில் பெரிய வலி இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டுப் போகிற அவசரம்தான் இருந்தது. நாலு தையல் போட்டு அனுப்பினால் சாயங்கால மீனுக்கு உட்கார்ந்துவிடுவேன் என்றாள்.

நெட்டையன் கையுறையை எடுத்தான். அதற்குள் செம்பட்டை முடிக்காரி துண்டைப் பிரித்துக் கழுவிப் பார்த்துவிட்டாள். கையை மடக்கச் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். மற்ற விரல்கள் மடங்கின, ஆட்காட்டி விரல் மட்டும் விறைத்து நின்றது. அந்தப் பெண் இன்னொரு முறை முக்கினாள். விரல் அசையவில்லை.

செம்பட்டை முடிக்காரி என் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு சொல்லாக, நான் பத்தாம் வகுப்புக்கு டிக்டேஷன் போடுவதுபோலச் சொன்னாள். நான் டாக்டர் இல்லை, மாணவி. விரலை மடக்குகிற நரம்பு அறுந்திருக்கிறது என்று நினைக்கிறேன். அதைச் சேர்க்க எனக்குத் தெரியாது. இங்கே யாருக்கும் தெரியாது. இன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் விரலைக் காப்பாற்றலாம். மேலே மட்டும் தைத்து அனுப்பினால் புண் ஆறிவிடும், விரல் மடங்காது. இதை அப்படியே சொல்லுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டினார். மறுநாள் முகாமைப் பார்க்கப் பெரிய மனிதர்கள் வருகிறார்கள். தைத்து அனுப்பிவிடலாம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார். கூடத்தில் ஐம்பது பேராவது உட்கார்ந்திருந்தார்கள். அத்தனை பேரிடமும் டாக்டர் டாக்டர் என்று சொன்ன வாய் என்னுடையது. நான் பாதியை விழுங்கினேன்.

"டாக்டர் புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்கம்மா. இன்னைக்கே போகணுமாம்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது. எதற்குப் போகவேண்டும் என்று கேட்டாள். போன வாரம் அவள் தெருவில் ஒருவருக்குக் காலில் தைத்தார்களே, அவருக்கு மட்டும் தைக்கத் தெரிந்ததா? மீன்காரி என்றால் கை வைக்கக் கூசுகிறதா? போனால் ரெண்டு நாள் படுக்க வைப்பார்கள், பிள்ளைகளுக்கு யார் சோறு போடுவது? இல்லை, அங்கே ஏதாவது ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடித்து அனுப்புகிறீர்களா? அவள் கேட்டது ஒவ்வொன்றும் நியாயம். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் இதைவிட அதிகமாகக் கேட்டிருப்பேன். துண்டைத் திரும்பச் சுற்றிக்கொண்டு எழுந்தாள். கடைத்தெருவில் ஊசி போடுகிறவர் ஒருவர் இருக்கிறாராம், அவர் தைத்துவிடுவாராம்.

செம்பட்டை முடிக்காரி வழியை மறித்து நின்றாள். கை ரெண்டையும் விரித்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து. என்னைப் பார்த்து, மறுபடியும் டாக்டர் என்றுதானே சொன்னீர்கள் என்றாள். காதில் விழுந்துவிட்டது. பிட்டோடு பிடிபட்ட பிள்ளைகள் முகத்தில் நான் எத்தனையோ முறை பார்த்தது அன்று என் முகத்தில் இருந்திருக்கும்.

வேறு வழியில்லை. அந்த விரலைத் தவிர எதையும் பார்க்காமல் சொன்னேன்.

"இவங்க டாக்டர் இல்லம்மா. டாக்டருக்குப் படிக்கிற புள்ளைங்க. நான்தான் மூணு வாரமா பொய் சொன்னேன். ஒங்க விரலோட நரம்பு அறுந்துருக்கு. மேல தைச்சா ஆறிடும், ஆனா விரல் மடங்காது. மீனைப் பிடிக்க முடியாது. இந்தப் புள்ள சொல்றது சத்தியம்."

ஒருங்கிணைப்பாளர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. செம்பட்டை முடிக்காரியைத்தான் பார்த்தாள், கொஞ்ச நேரம். பிறகு நாத்தனாரிடம், பிள்ளைகளை ஆத்தா வீட்டில் விடச் சொல்லிப் போன் பண்ணு என்றாள்.

புதுக்கோட்டைக்கு அறந்தாங்கி போய் பஸ் மாறிப் போக வேண்டும். செம்பட்டை முடிக்காரி அந்த விரலைப் பஞ்சு வைத்துக் கட்டி, கையைத் தூளியில் போட்டு, கண்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு தானும் கிளம்பினாள். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். விரல் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்று இரவே ஆபரேஷன் நடந்தது. பல மாதம் கழித்து அந்த விரல் முக்கால்வாசி மடங்கியது, மீனைப் பிடிக்கப் போதும் என்று தங்கை போனில் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது. நேரில் போய்ப் பார்க்க இன்றுவரை துணியவில்லை. காரணம், பஸ் நிறுத்தத்தில் நடந்தது.

நான் பக்கத்தில் போய், கூட வருகிறேன், ஆஸ்பத்திரியில் பேச ஆள் வேண்டுமே என்றேன். அந்தப் பெண் கோபமாகக்கூடப் பேசவில்லை. வேலை சொல்வதுபோலச் சொன்னாள்.

"நீங்க வேணாம் டீச்சர். அங்கிட்டு இருக்க டாக்டருக்கு இங்கிலீஷ் தெரியும், இந்தப் புள்ள அவுககிட்ட பேசிக்கிரும். இதுக்கு நம்ம பேச்சு தெரியாது, அம்புட்டுதான். ஒங்களுக்கு ரெண்டும் தெரிஞ்சும் எங்ககிட்ட உண்மைய சொல்லலைல்ல."

செம்பட்டை முடிக்காரி என் முகத்தைப் பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டாள்.

அறந்தாங்கி பஸ் வந்து நின்றது. நாத்தனார் முன்னால் ஏறி இடம் பிடித்தாள். படியில் கால் வைத்தபடி அந்தப் பிள்ளை இன்னும் காத்துக்கொண்டிருந்தது. அந்தப் பெண் சொன்னதை, ஒரு சொல் விடாமல், நான் ஆங்கிலத்தில் அவளிடம் சொன்னேன்.