தீனிப் பீப்பாவைச் சுழற்றிய காலை

1. காலை ஏழு மணி நான்கு நிமிடம்: மூன்றாம் கமராவிலிருந்து என் கைபேசிக்கு ஒரு படம் வந்தது. பாதையில் ஒரு மனிதர் குந்தியிருந்தார். முகம் தெரியவில்லை. கையில் கம்பிச் சுருள்.
2. ஏழு பதினொன்று: அடுத்த படம். அவர் இல்லை. பாதையின் குறுக்கே, முழங்கால் உயரத்தில், ஒரு மெல்லிய கோடு.
3. அப்பாவை அழைத்தேன். தொடர்பு இல்லை.
4. வேட்டை நிலத்தின் காவலரை அழைத்தேன். உடனே புறப்படுகிறேன் என்றார். வந்து சேர நாற்பது நிமிடம் ஆகும்.
5. அப்பாவை மறுபடி அழைத்தேன். பதினொரு முறை.
6. அப்பா அந்த இடத்துக்கு ஏழே முக்காலுக்கு வருவார்.

அப்பா பலெர்மோவுக்குத் தெற்கே, மலையில், ஒரு தனியார் வேட்டை நிலத்தில் வேலை செய்கிறார். வார நாட்களில் அங்கேயே ஓர் அறையில் தங்குவார். கோடையில் புல் காய்ந்ததும் மான்கள் வேறிடம் போய்விடும். போகாமலிருக்க அவற்றுக்குச் சோளம் வைப்பது அவர் வேலை. மூன்று கால்களில் நிற்கும் பீப்பாவில் சோளத்தை நிரப்புவார். அடியில் உள்ள தட்டு குறித்த நேரத்தில் சுழன்று சோளத்தை வீசும். பீப்பாக்களையும் கமராக்களையும் சிம் போட்டு என் கைபேசியோடு இணைத்தவள் நான்தான். எத்தனை மான் வந்தது, எத்தனை குட்டி, எது நொண்டுகிறது என்று வாரம் ஒரு பட்டியலை உரிமையாளருக்கு அனுப்புவேன். பீப்பா நிற்கும் மேட்டில் தொடர்பு உண்டு. அப்பா மூட்டையோடு ஏறிவரும் பள்ளத்தில் இல்லை.

அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று காவலர் எங்களுக்கு ஓர் இரும்புக் குழாயைக் காட்டினார். களவாக வேட்டையாடுபவர்கள் அதைப் புதரில் கட்டி, உள்ளே தோட்டா வைத்து, பாதையின் குறுக்கே கம்பி இழுப்பார்களாம். எது தடக்கினாலும் வெடிக்கும். அதனால் தினமும் ஒரே வழியில் நடக்க வேண்டாம் என்றார். நான் தமிழில் சொன்னேன். அப்பா “ஓம், ஓம்” என்றார். ஆனால் வழியை மாற்றவில்லை. அவர் வன்னியிலிருந்து வந்தவர். மிதிவெடி புதைத்த மண்ணில் நடந்தவர். நேற்றுக் கால் வைத்த இடத்தில்தான் இன்றும் வைப்பார். பலெர்மோவில் பூங்காவுக்குப் போனாலும் புல்லில் இறங்கமாட்டார்.

“அப்பா, இது இத்தாலி,” என்று ஒருமுறை சொன்னேன்.

“மண்ணுக்கு அது தெரியுமோ?” என்றார்.

அவர் நடந்து நடந்து தெளிவான தடமாகிவிட்ட அந்தப் பாதையையே மான்களும் பழகிக்கொண்டன. கம்பி கட்டியவர் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அன்று காலை, பலெர்மோவில் பல்லரோச் சந்தைக்குப் பின்னால் உள்ள எங்கள் வீட்டுக் குசினியில் நின்றுகொண்டிருந்தேன். அம்மா மொண்டெல்லோவில் வேலை செய்யும் வீட்டுக்குப் போகச் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

“என்னடி, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?”

“ஒண்டுமில்லை அம்மா. மானுகள்.”

“மலையில நிக்கிற மானுக்கு இஞ்சை இருந்து சாப்பாடு போடுறாய். எனக்கு ஒரு தேத்தண்ணி போடேலாது என்ன?”

கதவு சாத்தும்வரை நான் சிரித்த முகத்தோடு நின்றேன். அவருக்குச் சொல்லியிருந்தால் இரண்டு பேருமாகப் பயந்திருப்போம். வேறு எதுவும் நடந்திருக்காது.

ஏழு முப்பத்தொன்றுக்குச் செயலியைத் திறந்து மேட்டுப் பீப்பாவைச் சுழற்றினேன். அது அதற்குரிய நேரம் இல்லை. ஆனால் தட்டு சுழலும் ஓசை கேட்டால் மான்கள் வரும். பாதையால் வரும். அப்பாவுக்கு முன்னால் வரும். நான் நினைத்தது அவ்வளவுதான். அழுத்திய பிறகுதான், குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எனக்குத் தெரியாது என்பது உறைத்தது. பள்ளத்தின் பக்கம் பார்த்தால்? அப்பா இன்று சற்று முந்தி வந்திருந்தால்? ஒருமுறை சுழன்றால் நிறுத்த வழியில்லை.

ஏழு முப்பத்துநான்கு: மேட்டுப் பீப்பாவின் கமராவில் நான்கு மான்கள். மேலிருந்து இறங்கியவை. பாதையால் வந்தவை அல்ல.

ஏழு முப்பத்தெட்டு: நான்கும் காற்றில். கால்கள் மங்கல். தரையில் தூசி.

படத்தில் சத்தம் இல்லை. வெடித்தது என்று அந்தக் கால்களைப் பார்த்துத்தான் அறிந்தேன். பாதையைப் பார்க்கும் மூன்றாம் கமரா படமே அனுப்பாததால், கம்பியில் தடக்கியது மானா அப்பாவா என்பதை அறிய வழியே இல்லை. அதன்பின் பீப்பாக் கமராவும் எதையும் அனுப்பவில்லை. அசைவு இருந்தால்தான் அது அனுப்பும். நான் நிலத்தில் உட்கார்ந்து கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டு மணி ஆறு நிமிடத்துக்குக் காவலரின் எண் ஒளிர்ந்தது. எடுக்கப் பயந்தேன். மூன்றாவது மணியொலிக்கு எடுத்தேன்.

“பிள்ளை, எனக்கு ஒண்டுமில்லை,” என்றது அப்பாவின் குரல். “வெடிச் சத்தம் கேட்டுது. அப்பிடியே படுத்திட்டன். சோளம் முழுக்கக் கொட்டுண்டு போச்சு.”

“எவ்வளவு நேரம் படுத்திருந்தனீங்கள்?”

“இவர் வந்துதான் எழுப்பி, மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். நான் செத்துப்போனன் எண்டு நினைச்சு, மனுசன் சிலுவை போட்டுட்டார்.”

அப்பா சிரித்தார்.

கம்பியில் தடக்கிச் செத்தது ஒரு பெண்மான். என் பட்டியலில் பதினான்காம் இலக்கம். இடது காது கிழிந்தது. அந்த ஆண்டு குட்டி போட்டது. அப்பா அதற்கு நூறடி கீழே இருந்தார்.

மறுநாள் காவலர் அழைத்து, பீப்பா ஏன் ஏழரைக்குச் சுழன்றது என்று கேட்டார். செயலியின் பதிவில் அந்த நேரம் இருக்கிறது. நான்தான் என்றேன். அவர், உரிமையாளர் கேட்டால் கருவி பழுதாகிச் சுழன்றது என்று சொல்லிக்கொள்கிறேன் என்றார்.

இப்போது நிலைமை இதுதான். குழாயையும் கம்பியையும் பொலிஸார் எடுத்துப் போனார்கள். கட்டியவர் பிடிபடவில்லை. அப்பா அதே பாதையில்தான் போகிறார். அங்கே கம்பி இல்லை என்று தனக்குத் தெரியும், மற்ற இடம் தெரியாது என்கிறார். பீப்பாவைச் சுழற்றியது நான் என்று அவருக்கு இன்னும் சொல்லவில்லை. அந்தப் பெண்மானின் குட்டி இரண்டு முறை கமராவில் வந்தது. பிறகு வரவில்லை.