அவர் கேட்ட ஒரு மிடறு

வெறிநாய் முதலில் என் மணிக்கட்டைத்தான் கவ்வியது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில், குழாயடியில் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அதைப் பிய்த்து எடுக்க ஓடிவந்த என் கணவர் முத்தையாவுக்குக் கெண்டைக்காலில் அடுத்த கடி. அவர் பாராங் கத்தியால் வெட்டினார். கழுத்து பாதி அறுந்த பிறகும் அது அவர் காலை விடவில்லை.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் தினமும் வயிற்றில் ஊசி. வயிறு சிவந்து கட்டி கட்டியாக வீங்கியது.

"கடிச்சது காலுல, குத்துறது வயித்துலயா? நல்லா இருக்குங்க உங்க வைத்தியம்," என்றார் முத்தையா. வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

யாழ்ப்பாணத்து டிரஸர் (டாக்டருக்கு உதவியாக ஊசி போடுபவர்) சிரிக்கவில்லை. "நஞ்சு நரம்பு வழியா மெல்ல மெல்ல மூளைக்குப் போகுது. அதே நஞ்சைத்தான் வலுவைக் குறைச்சுப்போட்டு ஊசியில ஏத்துறம். அதோட சண்டை பிடிச்சு உடம்பு பழகவேணும். பழகினால், நாய் ஏத்தின நஞ்சு மூளைக்குப் போக முந்தியே அழிச்சுப்போடும். இடையில மட்டும் நிப்பாட்டாதையுங்கோ."

முத்தையா நிறுத்தினார். காயத்தின் பொருக்கு உதிர்ந்துவிட்டது. வயிற்று வலியோடு பட்டறையில் சம்மட்டி தூக்க முடியவில்லை. "ஆறிப்போச்சு புள்ள. நீ போய்க் குத்திக்க." நான் கத்தினேன், சோற்றுப் பானையைத் தூக்கிப் போட்டு உடைத்தேன். மனிதர் அசையவில்லை. கடைசி ஊசிவரை நான் தனியாகப் போய்வந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் யாருக்கேனும் நாய்க்கடி ஆறியிருக்கலாம். தோல் ஆறியதை நம்பி ஊசியை நிறுத்தாதீர்கள்.

சில வாரம் கழித்துத் தழும்பு அரிக்கிறது என்றார். மறுநாள் காலை காப்பி தொண்டையில் இறங்காமல் டம்ளரைச் சுவரில் வீசியடித்தார். நீர்வெறுப்பு (விழுங்க முயன்றாலே தொண்டை இறுகிக்கொள்ளும் நிலை) என்றார் டாக்டர். இனி மருந்தில்லை என்றும் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் நான்கு பேர் அவரை அமுக்கிக் கட்டிலோடு கட்டினார்கள். தண்ணீர், தண்ணீர் என்று கதறினார். கொண்டுபோனால் உடம்பே வில்லாக வளைந்தது. தன் உதட்டைத் தானே கடித்துக் கிழித்தார். ஒருமுறை தெளிந்து என்னைப் பார்த்தார்.

"கிட்ட வராத புள்ள, கடிச்சிருவேன்."

அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

மூச்சு நின்றதும் கட்டை அவிழ்த்தார்கள். அவருக்கு வைத்திருந்த தண்ணீரை நான் எடுத்தேன். என்னையும் அதே நாய்தானே கடித்தது? என் தொண்டை என்ன செய்யும் என்று எனக்கு அப்போதே தெரிந்தாக வேண்டும். குடித்தேன். இறங்கியது.

"புருஷன் ஒடம்புல சூடுகூட ஆறல, தண்ணி குடிக்கிறா பாரு!" நாத்தனார் என் கன்னத்தில் அறைந்தாள். டம்ளர் உருண்டது. எனக்குக் கோபம் வரவில்லை. உயிரோடு இருப்பேன் என்ற சந்தோஷமும், அந்தச் சந்தோஷத்தின் மீது அருவருப்பும் ஒன்றாக வந்தன.

வருஷங்கள் ஓடிவிட்டன. இன்றும் கண் விழித்ததும் ஒரு மிடறு குடித்துப் பார்க்கிறேன். இறங்கினால் அன்றைய நாள் எனக்கு உண்டு. அவர் கதறிக் கேட்டது அந்த ஒரு மிடறைத்தான். தினமும் அதை நான் குடிக்கிறேன்.